ஸ்கேனில் மனசு தெரியுமா?

ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு வயது 71. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பழைய தொழிலாளி. ஒரு மாதமாகப் பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. விடிகாலை எழுந்து, மரம் வெட்டப் போகணும், வாளி எங்கே என்கிறார். காத்து கருப்பு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கிளினிக்கில் மூளைக்கு சிடி ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் விபத்துக்குப் பிறகு கெட்ட கனவு கண்டு அலறி எழும் என் தம்பிக்கு, மனநல ஆலோசகர் தினமும் 'இமேஜிங்' செய்யச் சொல்கிறார். இரண்டும் ஒன்றா? ஸ்கேனில் அப்பாவுக்கு மனநோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா? கதிர் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?"

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எனக்கு எக்ஸ்ரே மாமா என்றே பேர். அரசாங்க மருத்துவமனைகளில் 30 வருடத்துக்கு மேல் ஜுரு எக்ஸ்ரேயாக, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எடுப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, அதனால் உங்கள் அப்பாவுக்கு என்ன நோய் என்று சொல்ல மாட்டேன். படம் என்றால் என்ன, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சொல்ல முடியும்.

இரண்டும் ஒன்றல்ல. அப்பாவுக்கு எடுக்கப்போவது, ஒரு இயந்திரம் வெளியே இருந்து உடம்புக்குள் பார்த்துத் தரும் படம். தம்பி செய்வது, கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் தானே வரைந்து பார்க்கும் படம். அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். ஆங்கிலச் சொல் ஒன்றுபோல இருப்பதால் வந்த குழப்பம் இது. நாம் முதலாவதை மருத்துவப் படம் என்றும், இரண்டாவதை மனக்காட்சி என்றும் வைத்துக்கொள்வோம்.

உங்கள் அப்பா தோட்டத்தில் இருந்தவர் என்பதால் அவருக்குப் புரிகிற மாதிரியே தொடங்குகிறேன். புகை போட்டு எடுத்த ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கும்போது என்ன செய்வார்கள்? வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் ஒரு விதமாகத் தெரியும், மண்ணோ பட்டையோ இருந்தால் கருப்பாகத் தெரியும். எக்ஸ்ரே அவ்வளவுதான். வெளிச்சத்துக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத கதிர், ஷீட்டுக்குப் பதில் நம் உடம்பு. எலும்பில் உள்ள கால்சியம் கதிரை மறிக்கும், அதனால் அது வெள்ளையாக விழும். நுரையீரலில் இருப்பது காற்று, கதிர் தாராளமாகப் போய்விடும், அது கருப்பு. வில்ஹெல்ம் ரோன்ட்கென் என்ற ஜெர்மானியர் 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் மட்டும் தெரிந்தன. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. காப்புரிமை வாங்கிக் கோடீஸ்வரன் ஆகியிருக்கலாம், வேண்டாம் என்று விட்டுவிட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல் மரியாதை அதனால்தான்.

எக்ஸ்ரேயில் ஒரு குறை உண்டு. அது நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். தலையை எக்ஸ்ரே எடுத்தால் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. இதைத் தீர்க்க வந்ததுதான் சிடி. கிராமபோனுக்கு முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்எம்வி இசைத்தட்டு உங்கள் தாத்தா வீட்டில் இருந்திருக்கும். அந்த இசைத்தட்டுகளுக்குச் சொந்தமான ஈஎம்ஐ நிறுவனத்தில் வேலை பார்த்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர்தான் சிடி இயந்திரத்தைச் செய்தார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்ணின் தலையை முதன்முதலில் எடுத்தார்கள், மூளைக்குள் இருந்த கட்டி தெரிந்தது. இந்தப் படத்துக்கு வேண்டிய கணக்கைத் தனியாகப் போட்டு வைத்திருந்த ஆலன் கோர்மக்கும் அவரும் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சிடியில் கதிர்க்குழாய் தலையைச் சுற்றி வரும். எல்லாத் திசையிலிருந்தும் எவ்வளவு கதிர் கடந்து வந்தது என்று கணினி கணக்குப் போட்டு, தலையைப் பாண் ரொட்டி மாதிரி துண்டு துண்டாகக் காட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கெட்டி எலும்பு 1000-ஐ ஒட்டியும் அதற்கு மேலும். புதிதாகக் கசிந்த ரத்தம் மூளையைவிடக் கொஞ்சம் அதிக எண், ஆகவே வெள்ளையாகத் தெரியும். நாளாக ஆக அந்த ரத்தம் கரைந்து நீர்த்துப்போகும், கடைசியில் மூளையைவிடக் கருப்பாகிவிடும். இடையில், ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்து ஒளிந்துகொள்ளும் காலம் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஈப்போவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரியவரைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். அவரும் மரம் வெட்டினவர்தான். மகனைச் செத்துப்போன தம்பி பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அடுப்படியில் சிறுநீர் கழிக்கிறார். கையில் மந்திரித்த கயிறு மூன்று. டாக்டர் அனுப்பிய தாளில் 'மூன்று வாரமாகக் குழப்பம்' என்று மட்டும் இருந்தது. எங்கேயாவது விழுந்தாரா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார் அவர் மனைவி. மகனும் தலையை ஆட்டினார். அவர்கள் வெளியே போன பிறகு மருமகள் மட்டும் கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னார்: "மாமா வாசல்படியில வழுக்கி விழுந்தாருங்க. அன்னைக்குச் சம்சு சாராயம் போட்டிருந்தாரு. அதான் அத்தை வெளிய சொல்ல வேணாம்னாங்க."

அதைத் தாளில் எழுதி, படத்தோடு ரேடியாலஜி டாக்டரிடம் கொடுத்தேன். பார்த்த உடனே கண்ணில் படுகிற வெள்ளை எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒரு பக்கத்து மடிப்புகள் மழுங்கியிருந்தன, நடுக்கோடு மறுபக்கம் தள்ளியிருந்தது. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் பிறைபோல ரத்தம் தங்கியிருந்தது, மூளையின் நிறத்திலேயே. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், தொடர்ந்து குடித்தாலும் சுருங்கும். அப்போது மூளைக்கும் அதன் உறைக்கும் இடையில் ஓடும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கும். லேசாகத் தலை மோதினாலே ஒன்று கிழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். வீக்கம் இருக்காது, காயம் இருக்காது. வாரக்கணக்கில் கழித்துத்தான் ஆள் மாறுவார். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்தார்கள். வார்டில் போய்ப் பார்த்தபோது பெரியவர் தெளிவாகக் கேட்டார்: "நீதான என்னைய அந்த வளையத்துக்குள்ள தள்ளினவன்?"

உங்கள் அப்பாவுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஞாபகமறதி நோயாக இருக்கலாம், சின்னச் சின்னப் பக்கவாதங்களாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, தைராய்டு சுரப்பி மந்தமாவது, பி12 வைட்டமின் குறைவது, சர்க்கரை ஏறி இறங்குவது இவை எல்லாமே வயதானவர்களைக் குழப்பும். இவற்றில் எதையும் சிடி காட்டாது, ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் காட்டும். ஸ்கேன் நார்மல் என்று வந்தால் உடம்பில் ஒன்றுமில்லை, இது காத்து கருப்புதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் படம் பதில் சொல்லும். கேள்வியே தப்பாகப் போனால் கோடி வெள்ளி இயந்திரத்தாலும் பிரயோஜனம் இல்லை.

கதிரைப் பற்றிக் கேட்டீர்கள். மண், கல், வானம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் இயற்கையாகவே நமக்குக் கதிர் வந்துகொண்டுதான் இருக்கிறது, உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). தலைக்கு ஒரு சிடி எடுத்தால் சுமார் 2. நெஞ்சு எக்ஸ்ரே 0.1-க்கும் கீழே. வயிற்றுக்கு சிடி என்றால் 8, 10 என்று போகும். 71 வயதுக்காரருக்குக் காரணத்தோடு ஒரு தடவை எடுப்பதில் பயப்பட எதுவும் இல்லை. காரணமில்லாமல், சும்மா உடம்பு முழுக்க ஒரு செக்கப் என்று காசைக் கொட்டி சிடி எடுப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். கூடப் போகிறவர் கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த அறைக்குள் விட மாட்டார்கள்.

மற்ற மருத்துவப் படங்களையும் சொல்லிவிடுகிறேன். அல்ட்ராசவுண்டில் கதிரே கிடையாது, ஒலிதான். மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். இது லட்சக்கணக்கில். மலையடிவாரத்தில் கத்தினால் எதிரொலிக்குமே, அந்த வித்தை. ஒலிக்குக் காற்று ஆகாது, அதனால்தான் வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைப் பூசுகிறார்கள்.

எம்ஆர்ஐ காந்தம். உடம்பில் உள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தத்தால் வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திரும்பி வரும்போது தரும் சமிக்ஞையைப் படமாக்குவது. சாதாரணமாகப் புழங்கும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு பலம். இதற்காகப் பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் கிடைத்தது. மூளையின் நுணுக்கங்களைச் சிடியைவிட இது தெளிவாகக் காட்டும், ஆனால் நேரம் அதிகம், சத்தம் அதிகம். தாலி, மூக்குத்தி, தாயத்து, அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். நம் நாட்டில் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கும். அழகுக்கும் வசியத்துக்கும் என்று முகத்துத் தோலுக்கடியில் தங்க ஊசி குத்திக்கொள்வார்களே, சுசுக், அது. கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எக்ஸ்ரேயில் தாடையோரம் வரிசையாகக் குட்டி ஊசிகள் மின்னும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். ஸ்கேனில் மனநோய் தெரியுமா?

தெரியாது. மனச்சோர்வு, மனச்சிதைவு, பதற்றம் இவற்றில் எதையும் இன்றைக்கு ஒரு படத்தைப் பார்த்து டாக்டர்கள் உறுதி செய்வதில்லை. பேசிப் பார்த்து, வீட்டாரைக் கேட்டு, நாள்கணக்கில் கவனித்துத்தான் செய்கிறார்கள். அப்படியானால் மனநலப் பிரிவிலிருந்து ஏன் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள்? மனநோய் மாதிரி வேஷம் போடும் வேறு நோய்கள் இருக்கின்றன. கட்டி, ரத்தக் கசிவு, மூளையில் நீர் தேங்குவது. அவை இல்லை என்று விலக்கிவிடத்தான் அனுப்புகிறார்கள். ஞாபகமறதி நோயில் மட்டும் படத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருப்பது எம்ஆர்ஐயில் தெரியும்.

'மூளையில் கோபம் இருக்கும் இடம்' என்று சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கும் படங்கள் பார்த்திருப்பீர்கள். அது செயல்முறை எம்ஆர்ஐ. செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1990-ல் காட்டிய வழி. மூளையில் ஒரு இடம் வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலாக ஓடும், அந்த மாற்றத்தைக் காந்தம் உணரும். அதாவது தெரிவது எண்ணம் இல்லை, எண்ணத்துக்குப் பின்னால் ஐந்தாறு வினாடி தாமதமாக ஓடிவரும் ரத்தம். கலர் நாம் பூசுவது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்று காட்ட, அமெரிக்காவில் சிலர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கணக்கில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது மீனின் மூளையிலும் சில புள்ளிகள் பளிச்சிட்டன! 2009-ல் வெளியிட்டார்கள், 2012-ல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள்.

அதற்காக அந்தக் கருவி வீண் என்று இல்லை. மூளைக் கட்டியை வெட்டும் முன் பேச்சுக்கான பகுதி எங்கே இருக்கிறது என்று பார்க்க உதவுகிறது. இன்னொரு சம்பவம் இருக்கிறது, உங்கள் இரண்டு 'இமேஜிங்'கும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. சாலை விபத்துக்குப் பிறகு கண் திறந்திருந்தும் எந்த உணர்வும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண் ஒருத்தி. ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர் அவளை ஸ்கேனருக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்றார். அப்புறம் உன் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாக நினைத்துக்கொள் என்றார். முதலாவதுக்கு அசைவைத் திட்டமிடும் பகுதியும், இரண்டாவதுக்கு இடத்தை நினைவில் வைக்கும் பகுதியும், நலமாக இருப்பவர்களுக்கு வருவது போலவே மாறி மாறி வேலை செய்தன. உள்ளே ஆள் இருந்தாள். 2006-ல் வந்த ஆய்வு இது. அவள் பதில் சொன்னது மனக்காட்சியால், அதைப் பார்த்தது மருத்துவப் படம்.

மனக்காட்சி நமக்குப் புதிதில்லை. காசில்லாத பூசலார் திருநின்றவூரில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தாரே! பக்திக்கதை என்று வைத்துக்கொண்டாலும், இல்லாத பொருளை மனக்கண்ணில் திருப்பித் திருப்பிப் பார்க்க முடியும் என்பதை உளவியலாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1971-ல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் இரண்டு கனசதுர உருவங்களைக் காட்டி, ஒன்றைத் திருப்பினால் மற்றது ஆகுமா என்று கேட்டார்கள். எவ்வளவு கோணம் திருப்ப வேண்டுமோ அவ்வளவு கூடுதல் நேரம் ஆனது, கையில் வைத்துத் திருப்புவது போலவே. எல்லாருக்கும் இது ஒரே அளவில் வராது. 1880-லேயே ஃபிரான்சிஸ் கால்டன், காலைச் சாப்பாட்டு மேசையை மனசில் கொண்டுவந்து பார்க்கச் சொன்னபோது சிலர் எதுவுமே தெரியவில்லை என்றார்கள். மனக்கண்ணே இல்லாத அந்தத் தன்மைக்கு 2015-ல் ஏடம் ஸீமன் அஃபான்டேசியா என்று பேர் வைத்தார். உங்கள் தம்பி 'எனக்குப் படமே வரலையே' என்றால் அவரைத் திட்டாதீர்கள். ஆலோசகரிடம் அதைச் சொல்லட்டும், வேறு வழி வைத்திருப்பார்.

மனக்காட்சியால் உடம்புக்கும் நன்மை உண்டு. சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! எடுத்த காலில் வலிக்கிறது, இல்லாத விரலில் குடைகிறது என்பார்கள். வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அது உண்மையான வலிதான். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் இதற்கு ஒரு கண்ணாடியைத்தான் மருந்தாகக் கொடுத்தார். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் அசைத்தால், இல்லாத கை அசைவது போல மூளைக்குத் தெரியும். சிலருக்கு அந்த வலி இளகியது. காலுக்கும் இதைச் செய்கிறார்கள். எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான். பக்கவாதம் வந்தவர்களையும், கையை அசைப்பதாக நினைத்துப் பார்க்கச் சொல்லிப் பயிற்சியோடு சேர்த்துச் செய்ய வைக்கிறார்கள்.

உங்கள் தம்பிக்கு வருவோம். விபத்துக் கனவுக்கு மனக்காட்சியை இரண்டு விதமாகப் பயன்படுத்துவார்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசை. ஒன்று, கனவைத் தாளில் எழுதி, அதன் போக்கைத் தன் விருப்பப்படி மாற்றி, மாற்றிய கதையைப் பகலில் விழித்திருக்கும்போது தினமும் கொஞ்ச நேரம் மனசில் ஓட்டிப் பார்ப்பது. லாரி வரும், ஆனால் நான் ஓரமாக ஒதுங்கிவிடுகிறேன் என்பது மாதிரி. இதனால் கெட்ட கனவுகள் குறைந்ததை 2001-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இதை வீட்டிலேயே செய்யலாம். மற்றது, நடந்த விபத்தையே மாற்றாமல் மனசில் திரும்ப ஓட்டிப் பார்த்து, பயத்தின் வீரியத்தைக் குறைப்பது. அதுவும் நல்ல முறைதான். ஆனால் ஆலோசகர் பக்கத்தில் இருந்து வழிநடத்த வேண்டியது, ராத்திரி அறையில் தனியாகச் செய்து பார்க்கக்கூடாது. எந்த வகை என்று தம்பி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும்.

அப்பாவின் ஸ்கேன் நாளுக்கு முன் அம்மாவைத் தனியாகக் கூட்டிப் போய்க் கேளுங்கள்: கடைசி இரண்டு மூன்று மாதத்தில் அப்பா எங்கேயாவது விழுந்தாரா, தலை மோதியதா, குடித்திருந்தாரா. யார் மானமும் போய்விடாது. விழுந்த தேதியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதையும் எழுதுங்கள், மாத்திரை அட்டையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. கடுக்கன், சங்கிலி, பல்செட் கழற்ற வேண்டும். படுத்திருக்க வேண்டியது சில நிமிடம்தான், ஆனால் தலையை ஆட்டக்கூடாது. அவருக்குப் பழகிய முகம் ஒன்று கடைசி வரை கூட இருக்கட்டும்.

ஸ்கேன் தேதிக்கு இன்னும் நாள் இருக்கலாம். அதற்குள் ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, ஓயாமல் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 999-ஐக் கூப்பிடுங்கள், இல்லை நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.